பழைய ராணுவ லாரியில் விசிறியும் விளக்கும் சேர்க்கலாமா?

கானாடுகாத்தான் லாரிக்காரர்:
வணக்கம். ராணுவ ஏலத்தில் போய்க் கைமாறி வந்த சக்திமான் லாரி ஒன்றை வைத்திருக்கிறேன். ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் கட்டிய வகை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் எங்கள் குழுவின் மூட்டைகளையும் சமையல் பாத்திரங்களையும் அதுதான் சுமக்கிறது. காலில் கொப்பளம் கண்ட பெரியவர் யாராவது முன்னிருக்கையில் ஏறிக்கொள்வார். இந்த முறை கேபினில் இரண்டு விசிறி, பின்னால் எல்.இ.டி. விளக்கு, எட்டு செல்பேசிக்குச் சார்ஜர், ஒரு ரேடியோ வைக்க நினைக்கிறேன். வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இருக்கின்றன. ரேடியோவுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இணைப்பு எடுத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

புதுவயல் பழவண்டி:
தம்பி, செய்யாதீர்கள். 1996-க்குப் பிறகு சக்திமான் உற்பத்தியே இல்லை. இருந்த வண்டிகளில் பலவற்றை உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். மீதியை இப்படித்தான் அலங்கரித்துக் கெடுக்கிறார்கள். இங்கே செட்டிநாட்டில் எத்தனை வீடுகளில் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் டைல் ஒட்டினார்கள்! பிறகு அதே பழைய கல்லைத் தேடிக் காரைக்குடிக் கடைகளில் அலைந்தார்கள். ராணுவம் அந்த டேஷ்போர்டில் எதை வைத்ததோ அது மட்டும் இருக்கட்டும்.

கானாடுகாத்தான் லாரிக்காரர்:
அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ராணுவம் விட்ட நிலையில் வண்டி இப்போதே இல்லையே. ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான் என்று மோட்டார் வாகன விதி சொல்வதால் மாற்று நிறம் அடித்துத்தான் ஓட்டுகிறேன். ஓடுகிற வண்டிதான் உயிரோடு இருக்கும். கொட்டகையில் நிறுத்திவைத்தால் துருதான் ஓட்டும்.

தேவகோட்டை மின்கம்பி:
முப்பது ஆண்டுகளாக லாரி ஒயரிங் வேலை செய்கிறேன். விசிறி வைப்பது தவறில்லை. ஒரே பேட்டரியிலிருந்து இணைப்பு எடுப்பதுதான் தவறு. டைனமோ இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து ஏறக்குறைய 28 வோல்ட் கொடுக்கும். ஒன்று மட்டும் ரேடியோவுக்கு உழைத்தால் அது எப்போதும் அரைவயிறு. மற்றது தேவைக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். போன சித்திரையில் அப்படி ஒரு லாரி என்னிடம் வந்தது. ரேடியோ இணைக்காத பேட்டரியில் கை வைத்தால் சுட்டது, புளித்த நெடி அடித்தது. மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றித் தகடுகளின் தலை வெள்ளையாகப் பூத்திருந்தது. ரேடியோ இணைத்த பேட்டரியோ சார்ஜ் இறங்கி ஒரு முறைகூட ஸ்டார்ட்டரைச் சுழற்றவில்லை. இது காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்த மண். பேட்டரியை இங்கேயாவது முறையாக நடத்துவோம்.

பஸ் விசிறி 24 வோல்டிலேயே கிடைக்கிறது; அதை வாங்குங்கள். ரேடியோவுக்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வையுங்கள். பழைய ஒயரைத் தொடவே வேண்டாம். அதன் துணியுறை காய்ந்த பனையோலைபோல நொறுங்கும். பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போட்டுத் தனிக் கம்பி இழுங்கள். நாளைக்குக் கழற்றினால் சுவடே இருக்காது. அண்ணனுக்கும் குறை இருக்காது.

புதுவயல் பழவண்டி:
குறை இருக்கிறது. யாத்திரையில் வண்டி நடப்பவர் வேகத்தில் ஊர்கிறது. அந்த வேகத்தில் பழைய டைனமோ சார்ஜ் கொடுக்குமா? இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டு செல்பேசி, விளக்கு, விசிறி எல்லாம் ஓடினால் 150 வாட் என்று வையுங்கள். 24 வோல்டில் ஆறு ஆம்பியருக்கு மேல். எட்டு மணி நேரத்தில் 50 ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலி. விடியற்காலைப் பனியில் டீசல் எஞ்சினை யார் தள்ளுவது?

தேவகோட்டை மின்கம்பி:
இந்தக் கணக்கு சரி. இதை நான் யோசித்திருக்க வேண்டும். ஊர்கிற வண்டிக்கு வேறு வழிதான். வண்டியோடு தொடர்பே இல்லாத தனி பேட்டரி ஒன்றும், தார்ப்பாய்க் கூண்டின் மேல் கட்ட 200 வாட் சோலார் தகடு ஒன்றும் கொண்டுபோங்கள். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் வரும். தை மாத இரவில் விசிறி தேவையில்லை. விளக்குக்கும் செல்பேசிக்கும் தாராளம்.

பள்ளத்தூர் மீனாள்:
நான் மூன்று ஆண்டுகள் நடந்தவள். விசிறி இல்லை என்று எந்தப் பெரியவரும் வருந்திப் பார்த்ததில்லை. ஏறுவதுதான் பாடு. எங்கள் ஆச்சியை இரண்டு பேர் கீழிருந்து தாங்க, ஒருவர் கேபினுக்குள்ளிருந்து கையைப் பிடித்து இழுத்து ஏற்றினோம். முழங்காலை மடக்க முடியாமல் படியிலேயே அழுதுவிட்டார். ஏறியபின் தூக்கிப்போடும். அந்தப் பட்டை ஸ்பிரிங் டன் கணக்கில் சுமக்கக் கட்டியது. மூட்டை முடிச்சுக்கு அது அசைந்துகூடக் கொடுக்காது. முதலில் கைப்பிடியோடு கழற்றி மாட்டும் படி ஒன்று செய்யுங்கள். இருக்கைக்கு இலவம்பஞ்சு மெத்தை தையுங்கள். ரேடியோ கடைசியில் வரட்டும்.

கானாடுகாத்தான் லாரிக்காரர்:
ஆச்சி அழுததைப் படித்தபின் ரேடியோவை விட்டுவிட்டேன். சோலாரும் தனி பேட்டரியும் வாங்குகிறேன். படிக்குக் கேபினில் துளை போட வேண்டுமா?

புதுவயல் பழவண்டி:
துளை வேண்டாம் தம்பி. அடிச்சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பார்த்து, அவற்றில் கொக்கி மாட்டும்படி செய்யலாம். ஞாயிறு காலை வண்டியைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்துங்கள். அளவெடுக்க நான் வருகிறேன். இடித்த வீட்டுத் தேக்குப் பலகை இரண்டு என்னிடம் கிடக்கிறது.