கண்ணைத் திருப்பினா தலைக்குள்ள ஷாக்: கற்பனைன்னு சொன்னவருக்கு

மின்மினி:
நேத்து தலைவலி பத்தின பேச்சுல கறார் பேர்வழி எழுதினதை அப்படியே போடறேன்: "கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ஷாக் அடிக்கிறது என்பது சுத்தக் கற்பனை. மூளைக்கு வலியே தெரியாது. வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு வரும் வியாதி."

படிச்சதுலேருந்து மனசு ஆறலை. நாலு வருஷமா இதோட குடித்தனம் நடத்தறவ நான். ஈரக்கையோட சுவிட்சைத் தொட்டா விரல்ல ஒரு வெடுக் வருமே, அது மண்டைக்குள்ள வரும். கூடவே 'ட்ஸிக்'னு ஒரு சத்தம், காதுக்கு வெளியில இல்ல, உள்ள. அரை நொடி எதிர்ல இருக்கறதெல்லாம் தாவி நிக்கும். புத்தகம் படிக்கறப்ப ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரியைப் பிடிக்க கண்ணு வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம் ஓடும் பாருங்க, சரியா அந்த ஓட்டத்துலதான் அடிக்கும். அதனால இப்பல்லாம் கண்ணை மட்டும் திருப்பறதே இல்ல. தோளோட சேர்த்து உடம்பையே திருப்புவேன். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணு, "கூப்பிட்டா கடைக்கண்ணால கூடப் பாக்க மாட்டா, அவ்ளோ திமிரு"ன்னு சொல்லிட்டுத் திரியறா.

எம்.ஆர்.ஐ. நார்மல். ஈ.ஈ.ஜி. நார்மல். பி12 நார்மல். "ஒண்ணுமில்லம்மா"ன்னு நரம்பு டாக்டர் அனுப்பிட்டார். என்னன்னு தெரியலைங்கறதும் ஒண்ணுமில்லைங்கறதும் ஒண்ணா?

கறார் பேர்வழி:
என் பெயரைப் போட்டு இழுத்ததால் வந்தேன். மூன்று பரிசோதனையும் நார்மல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? கண்ணை அசைப்பது கண்ணைச் சுற்றியுள்ள தசை. தசை அசைந்தால் மண்டைக்குள் எப்படி மின்சாரம் பாயும்? மூளைத் திசுவில் வலி உணரும் நரம்பு முனை கிடையாது. இதுவும் கற்பனையா?

மின்மினி:
வலின்னு நான் எந்த இடத்துல எழுதினேன்? மேல போய்த் திரும்பப் படிங்க. வலி இல்ல, ஷாக். மூளையில வலி முனை இல்லைங்கறது சரிதான். ஆனா வைல்டர் பென்ஃபீல்டுன்னு ஒரு அறுவை சிகிச்சை நிபுணர், நோயாளிங்க முழிச்சிருக்கறப்பவே மூளைமேல லேசா மின்சாரம் வெச்சுப் பாத்தவர். 1937ல அதை எழுதி வெளியிட்டிருக்கார். தொட்ட இடத்தைப் பொறுத்துக் கை மரமரக்குது, உதடு கூசுதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. அவங்களும் வேலைவெட்டி இல்லாதவங்களா?

அப்புறம், கண்ணை அசைக்கறது தசைதான். அந்தத் தசைக்கு உத்தரவு எங்கேருந்து போகுது, முழங்கால்லேருந்தா?

மருந்துச்சீட்டு:
சகோதரி, நான் மருந்துக்கடை கவுண்ட்டரில் நிற்பவன். நீங்கள் சொல்வதை அப்படியே சொல்லிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. எல்லாருமே மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று விட்டவர்கள். வென்லாஃபாக்சின், பராக்செட்டின் இரண்டிலும்தான் அதிகம். வென்லாஃபாக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போதும். ஒரு வேளை தள்ளிப்போனாலே சிலருக்குத் தலைக்குள் வெட்டும். ஃப்ளூவாக்செட்டின் நாள்கணக்கில் தங்கும், அதனால் அதில் குறைவு. நீங்கள் எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள்?

மின்மினி:
எதையும் நிறுத்தலைங்க. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டதே இல்ல.

மருந்துச்சீட்டு:
நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். தலைவலிக்கு, தூக்கத்துக்கு என்று எதுவுமே சாப்பிட்டதில்லையா? அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரைதான். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கச் சின்ன டோஸில் அதையும் எழுதிக்கொடுப்பார்கள். சாப்பிடுகிறவருக்கே அது தெரிந்திருக்காது.

மின்மினி:
அது 10 மில்லிகிராம், மூணு மாசம், அஞ்சு வருஷம் முன்னாடி. ஷாக் ஆரம்பிச்சது அதை விட்டு ஒரு வருஷம் கழிச்சு.

மருந்துச்சீட்டு:
அப்படியானால் மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள்.

மின்மினி:
ஒரு வருஷம் கழிச்சுன்னு எழுதியிருக்கேன்.

மருந்துச்சீட்டு:
சாப்பிட்டதே இல்லை என்று அதற்கு முன்னால் எழுதினீர்கள். நான் அதை மட்டும்தான் கேட்கிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: பயந்துபோய் யாரும் மாத்திரையைப் பட்டென்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சொல்நோட்டம்:
ஆளுக்கொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். வலியா, அதிர்வா, சத்தமா? தோலிலா, மண்டைக்குள்ளா? ஷாக் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் என்ன?

கழுத்தெலும்பு:
மின்மினி அக்கா, இது கழுத்து நரம்பு. எழுதி வெச்சுக்கோங்க. எனக்குப் பின்மண்டையில ஆரம்பிச்சு உச்சி வரைக்கும் சுளீர்னு ஓடும், சீப்பு பட்டாலே உயிர் போகும். பிடரி எலும்புக்குக் கீழ ஒரு இடத்தை அழுத்தினதும் துள்ளி விழுந்தேன். அந்த நரம்புக்குப் பக்கத்துல மரத்துப்போற ஊசி போட்டாங்க, சில வாரம் சொர்க்கம். உங்களுக்கும் அதேதான். கண்ணெல்லாம் இல்ல, கண்ணைத் திருப்பறப்ப உங்களுக்கே தெரியாம கழுத்தைத் திருப்பறீங்க.

மின்மினி:
தம்பி, உங்க வலி பெரிய வலி, இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்கு அழுத்தினா வலிக்கற இடம் எதுவும் இல்ல. ராத்திரி படுத்துக்கிட்டு, தலையணையில தலையைப் பதிச்சு, ரெண்டு கையாலயும் கன்னத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மட்டும் ஓட்டிப் பாத்திருக்கேன். அப்பவும் அடிக்குது. கழுத்து ஒரு நூல் அசையலை.

கறார் பேர்வழி:
ஷாக் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு கன்னத்தைப் பிடித்துப் படுத்தால் வராமல் எங்கே போகும்? இதைத்தான் கற்பனை என்றேன். மாத்திரை விட்டவர்கள் கதையும் இதுதான். 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வை எடுத்துப் பாருங்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு தொந்தரவு வந்திருக்கிறது.

மின்மினி:
பாதியைப் படிச்சா அப்படித்தான் இருக்கும். அதே ஆய்வுல உண்மையான மாத்திரையை நிறுத்தினவங்கள்ல 31 சதவீதம். 31ல 17 போனா மிச்சம் எங்க போச்சு? அதுவும் எதிர்பார்ப்பா?

சரி, கண்ணுக்கே வரேன். 2018ல ஒரு ஆய்வு வந்துது. மாத்திரை விட்டு இந்த ஷாக் வந்தவங்க இணையத்துல எழுதினதையெல்லாம் தொகுத்துப் பாத்திருக்காங்க. கண்ணைப் பக்கவாட்டுல அசைக்கறப்ப வருதுன்னு ஒருத்தருக்கொருத்தர் அறிமுகமே இல்லாதவங்க எழுதியிருக்காங்க. எல்லாரும் கூடிப் பேசி வெச்சுக்கிட்டு ஒரே கற்பனையைப் பண்ணினாங்களா?

கறார் பேர்வழி:
இணையத்தில் புலம்பியதைத் தொகுத்தால் அது ஆய்வா? ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்திருப்பார். கண்ணசைவுக்கும் ஷாக்குக்கும் தொடர்பில்லை.

போன வருடம் காது இரைச்சல் பற்றி எழுதியபோதும் இதே தோரணைதான் உங்களுக்கு. காதில் எண்ணெய் விடச் சொன்னீர்கள். என் அம்மாவுக்கு விட்டேன். சீழ் வைத்துப் பத்து நாள் அலைந்தோம். அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

மின்மினி:
எண்ணெய் விடச் சொன்னது நான் இல்ல. விடாதீங்கன்னு எழுதினது நான். வேற யாரோ எழுதினதுக்கு என்மேல ஒரு வருஷமா கறுவிக்கிட்டு இருந்தீங்களா? அந்தக் கோபத்துலதான் நேத்து "வேலைவெட்டி இல்லாதவங்க"ன்னு வந்துதா? அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?

கறார் பேர்வழி:
நீங்கள்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வெண்கல மணி:
நடுவுல புகுறதுக்கு மன்னிக்கணும். எனக்கு வயசு 60க்கு மேல. தூக்கம் கண்ணைச் சொக்கற நேரத்துல தலைக்குள்ள வெடி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், கூடவே பளிச்சுன்னு வெளிச்சம். வலி கிடையாது, ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். வெடிக்கும் தலைன்னே அதுக்குப் பேர் வெச்சிருக்காங்க. வெயர் மிட்செல்ங்கற டாக்டர் 1876லேயே எழுதியிருக்கார். என் டாக்டர் இதைச் சொன்ன அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். உனக்கும் அதாம்மா.

கழுத்தெலும்பு:
ஐயா, அது தூங்கறப்ப மட்டும் வர்றது. அக்காவுக்குப் பகல்லயும் வருது. இது கழுத்து.

வெண்கல மணி:
உனக்குக் கழுத்துன்னா ஊருக்கெல்லாம் கழுத்தா தம்பி? போன மாசம் தலைசுத்தல் பத்திக் கேட்டவருக்கும் கழுத்துன்னே.

கழுத்தெலும்பு:
அவருக்குக் கழுத்துதான். நீங்க யாருக்கு எதைக் கேட்டாலும் தூக்கம்ங்கறீங்க.

மருந்துச்சீட்டு:
அமிட்ரிப்டிலின் விஷயத்துக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

மின்மினி:
வந்தாச்சுங்க. ஒரு வருஷம். பன்னிரண்டு மாசம். இன்னும் எப்படிச் சொல்றது?

ஐயா, உங்களுக்கு ஒரு பேர் கிடைச்சுது, தூங்கினீங்க. மனசார சந்தோஷம். நான் கேக்கறதும் அவ்வளவுதான். மாத்திரை விட்டவங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. கழுத்துத் தம்பிக்கு விரல் வெச்சுக் காட்ட ஒரு இடம் இருக்கு. எனக்குக் கண்ணைத் திருப்பினா வருதுங்கற இந்த ஒண்ணுதான் கையில இருக்கு. அதையும் கற்பனைன்னு பிடுங்கிட்டா அடுத்த டாக்டர்கிட்ட போய் எதைச் சொல்லுவேன்? கை கால் பலம் குறைஞ்சாலோ, பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ உடனே வரச் சொல்லியிருக்காங்க. அது எதுவும் இதுவரை இல்ல. ஒரு நோட்டுல தேதி, நேரம், எந்தப் பக்கம் பாத்தேன், எத்தனை தடவை எல்லாம் குறிச்சு வரேன். நேத்து 23. அதுல 19 இடப்பக்கம். தூக்கம் கெட்ட மறுநாள் ரெண்டு மடங்கு ஆகும். கற்பனைக்கு இடது வலது தெரியுமா?

சொல்நோட்டம்:
இடப்பக்கம் பார்க்கும்போதா, மண்டையின் இடப்பக்கத்திலா? இதைத்தான் முதலிலேயே கேட்டேன்.

கறார் பேர்வழி:
எண்ணினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். நோட்டை மூடி வையுங்கள், குறைந்துவிடும். கண்ணசைவுக்கும் ஷாக்குக்கும் தொடர்பில்லை.

மின்மினி:
முதல் ரெண்டு வருஷம் நோட்டே கிடையாது. அப்பவும் அடிச்சுது, கண்ணைத் திருப்பினப்ப. இதை எழுதி முடிச்சு மேலேருந்து ஒரு தடவை படிச்சேன், அதுக்குள்ள மூணு. வரி முடியற இடத்துல.

கழுத்தெலும்பு:
அக்கா, எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?

கறார் பேர்வழி:
அந்த எண்ணெய் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.