ஜாமீன் உத்தரவு வந்தும் தம்பி புழலிலேயே இருக்கிறான்: ஜாமீன்தாரருக்கு எங்கே போவது?

கேள்வி (காசிமேடு)

ஐயா, அடிதடி வழக்கொன்றில் கைதாகிப் புழல் சிறையில் இருக்கும் என் தம்பிக்கு அமர்வு நீதிமன்றம் சென்ற வாரம் ஜாமீன் வழங்கியது. 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரமும் அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் வேண்டும், அவர்களுள் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும், வெளியே வந்தபின் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவில் உள்ளது. தம்பி விசைப்படகில் வேலை செய்பவன். நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம்; எங்கள் பெயரில் வரி ரசீது எதுவும் இல்லை. நீதிமன்ற வாசலில் ஒருவர், 8,000 ரூபாய் கொடுத்தால் ஜாமீன்தாரர்கள் இருவரையும் தானே அழைத்து வருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா? அதற்கு மேல் 10,000 ரூபாயையும் நீதிமன்றத்தில் கட்ட வேண்டுமா?

மறுமொழி (ஜார்ஜ் டவுன், வழக்கறிஞர்)

சகோதரி, அந்த 10,000 ரூபாய் இப்போது கட்ட வேண்டிய பணம் அன்று. தம்பி வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் அத்தொகைக்குப் பொறுப்பேற்கிறோம் என்று அவரும் ஜாமீன்தாரர்களும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் பிணைப்பத்திரம். அவர் வராமல் போனாலும்கூட, ஏன் செலுத்தக் கூடாது என்று விளக்கம் கேட்ட பிறகே நீதிமன்றம் வசூலிக்கும்.

இரத்த உறவினராக நீங்களே நிற்கலாம். திருமணத்துக்குப் பின் உங்கள் ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருக்கும். ஆகவே தந்தை பெயர் தெரியும் பள்ளிச் சான்றிதழையோ, நீங்கள் இருவரும் இருக்கும் பழைய குடும்ப அட்டையின் நகலையோ உடன் எடுத்துச் செல்லுங்கள். மற்றவருக்குச் சொந்த வீடு இருந்தால் சொத்து வரி ரசீது, நிரந்தர வேலையில் இருந்தால் சம்பளச் சான்று. இருவரின் புகைப்படமும் இடது பெருவிரல் ரேகையும் பத்திரத்தில் இடம்பெறும். தம்பியை எப்படித் தெரியும் என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும்.

மறுமொழி (வியாசர்பாடி)

அந்த 8,000 ரூபாயைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறோம் என்பதை ஒவ்வொரு ஜாமீன்தாரரும் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 486ஆவது பிரிவு. கூலிக்கு வருபவர்கள் அதை மறைத்தோ, போலி ரசீது காட்டியோதான் நிற்கிறார்கள். அது பிடிபட்டால் அவர்கள் மீது வழக்கு வருவதோடு, உங்கள் தம்பியின் ஜாமீனுக்கும் ஆபத்து. அமெரிக்காவின் பல மாநிலங்களில், ஜாமீன் தொகையில் பெரும்பாலும் 10 விழுக்காட்டைத் திரும்பத் தராத கட்டணமாகப் பெற்றுக்கொண்டு பொறுப்பேற்கும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் உண்டு. நம் சட்டத்தில் அப்படியொரு தொழிலுக்கு இடமில்லை.

கேட்டவர்

நன்றி ஐயா. சொந்த வீடு உள்ள அண்டை வீட்டாரைக் கேட்டேன். தங்கள் பெயரும் வழக்கில் சேர்ந்துவிடும் என்று பயந்து பின்வாங்குகிறார்கள்.

மறுமொழி (ஜார்ஜ் டவுன், வழக்கறிஞர்)

ஜாமீன் நிற்பவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அவருடைய பொறுப்பு அந்த 10,000 ரூபாயோடு முடிகிறது. பின்னாளில் விலக நினைத்தால் அதே சட்டத்தின் 489ஆவது பிரிவின்படி மனுச் செய்யலாம். இதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியும் ஆள் கிடைக்கவில்லையென்றால், ஜாமீன் வழங்கிய நீதிமன்றத்திலேயே நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுச் செய்யலாம். ஜாமீன்தாரருக்குப் பதிலாகத் தொகையைச் செலுத்தவும் நீதிமன்றம் விரும்பினால் அனுமதிக்கலாம் (பிரிவு 490). பிணைத் தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்பது 484ஆவது பிரிவு. 1978இல் மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி மறுத்ததையும் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். ஏழை என்பதற்காக ஒருவர் ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையிலேயே கிடப்பதை எந்த நியாயமும் ஏற்காது. ஜாமீன் கிடைத்து 7 நாட்களுக்குள் விடுதலையாகாதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் பத்திரம் தாக்கலாகாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மறுபரிசீலனை செய்யலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உத்தரவின் நகலோடு உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள், அல்லது 15100 எண்ணை அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.

மறுமொழி (திருவொற்றியூர்)

அம்மா, கையெழுத்து நிபந்தனையையும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். விசைப்படகு ஒருமுறை கடலுக்குள் போனால் கரை திரும்பப் பல நாட்கள் ஆகும்; தினமும் கையெழுத்துப் போட வேண்டியவர் அதில் ஏற முடியாது. ஏறிவிட்டால், நிபந்தனையை மீறியதாகச் சொல்லிக் காவல்துறை ஜாமீனை ரத்து செய்யக் கேட்கும். சில வாரங்கள் தவறாமல் கையெழுத்திட்ட பின்பு, இந்தத் தொழிலை விவரித்து, படகு உரிமையாளரின் கடிதத்தையும் இணைத்து, வாரம் ஒருமுறையோ கரை திரும்பும் நாளிலோ கையெழுத்திட அனுமதிக்குமாறு மனுச் செய்யுங்கள். அதுவரை தம்பிக்குக் கரையிலேயே, ஐஸ் உடைக்கும் வேலையோ வலை பின்னும் வேலையோ பார்த்துக் கொடுங்கள்.