ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்தால் 72 ஆமே?

வடக்குமேட்டான்:
நேற்று சைபர்சாமி இங்கே எழுதியது இது: "மெடிக்கல் போர்டு அளப்பது அறிவியல். 75 வரவில்லை என்றால் அந்த ஆளுக்கு அந்த அளவு ஊனம் இல்லை, அவ்வளவுதான்." படித்ததில் இருந்து வயிறு எரிகிறது. லாரி மோதியதில் என் தம்பிக்கு இடது காலும் வலது கையும் முடங்கிப் போச்சு. ஊனத்தை அளந்து சான்றிதழ் தருகிற அந்த டாக்டர்கள் குழு காலுக்கு 50 சதவீதம், கைக்கு 50 சதவீதம் என்று போட்டது. சான்றிதழில் மொத்தம் 72. தமிழக அரசின் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற வகையில் வாங்க 75 வேண்டும். ஐம்பதும் ஐம்பதும் எழுபத்திரண்டு ஆகிற அறிவியலைச் சாமி விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

சைபர்சாமி:
விளக்குகிறேன். அது கூட்டல் இல்லை, ஃபார்முலா. பெரிய எண்ணை 90-இல் இருந்து கழிக்க வேண்டும். மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். 50 + (40 × 50 ÷ 90) = 72.2. மத்திய அரசு 2018-இல் கெஜட்டில் போட்டது. தெரியாவிட்டால் கேட்கலாம். வயிறு எரிந்தால் மோர் குடிக்கலாம்.

மணி வாத்தியார்:
34 வருடம் கணக்கு நடத்தியவன் கேட்கிறேன். சதவீதம் என்றாலே நூற்றுக்கு. இதில் 90 எங்கிருந்து வந்தது? இரண்டு கண்ணும் தெரியாதவருக்கு 100 என்று வையுங்கள். அவருக்கே கால் ஊனம் 50. இப்போது உங்கள் ஃபார்முலாவைப் போடுங்கள். 90-இல் 100 போனால் மைனஸ் 10. பெருக்கி வகுத்துச் சேர்த்தால் 94.4. கால் போனதும் பார்வை கொஞ்சம் திரும்பிவிட்டதா சாமி?

சைபர்சாமி:
100 வந்தவருக்கு எந்த டாக்டரும் ஃபார்முலா போட மாட்டார். இது விதண்டாவாதம்.

மணி வாத்தியார்:
சரி, 100 வேண்டாம், 90 வந்தவருக்குப் போடுங்கள். 90-இல் 90 போனால் பூஜ்யம். அவருக்கு மறுநாள் ஒரு கை போனாலும் அதே 90. அந்தக் கைக்கு மதிப்பே இல்லையா? என் எட்டாம் வகுப்புப் பையன் இப்படி ஒரு விடை கொண்டுவந்திருந்தால் நோட்டை வெளியே எறிந்திருப்பேன்.

நெய்தல்மகள்:
நோட்டை எறிந்ததைப் பெருமையாக வேறு சொல்கிறீர்களா சார்?

பிசியோ தேனி:
நான் இந்தத் துறையில் இருப்பவன். 90 வானத்தில் இருந்து விழவில்லை. காலின் நிலைத்தன்மையை அளக்க ஒன்பது வேலை செய்யச் சொல்வோம். சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் நிற்பது, குந்துவது, சம்மணம் போடுவது, மண்டியிடுவது, திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் 10, ஆக 90. மூட்டு அசைவுக்கும் பலத்துக்கும் தனியாக ஒரு 90 உண்டு. மிச்சம் 10 வலி, கால் குட்டையாவது, உணர்ச்சி இல்லாமை போன்றவற்றுக்கு. அப்புறம் எல்லாரும் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: உறுப்புக் குறைபாடு வேறு, இயலாமை வேறு.

வடக்குமேட்டான்:
அகராதியை மூடி வையுங்கள் அண்ணா. நீங்கள் சொன்ன ஒன்பதையும் என் தம்பியைச் செய்ய வைக்க எவ்வளவு நேரம் ஆக வேண்டும்? நான் கூடவே நின்றேன். "சம்மணம் போடு" என்றார் டாக்டர். முட்டி மடங்காமல் சுவரில் சாய்ந்து சரிந்தான். "சரி, எழுந்திரு" என்றார். நான் தூக்கிவிட்டேன். முடிந்தது. சரிவும் இல்லை, படியும் இல்லை. முகாமில் வெளியே முந்நூறு பேர் நிற்கிறார்கள், அவரைச் சொல்லியும் குற்றம் இல்லை.

சைபர்சாமி:
அந்த முந்நூறில் எத்தனை பேர் உண்மை? நொண்டிக்கொண்டு உள்ளே போன ஒருத்தன் டீக்கடையில் நேராக நடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். 2024-இல் ஒரு பயிற்சி ஐஏஎஸ் அதிகாரியின் ஊனச் சான்றிதழே சந்தேகத்துக்கு உள்ளானதே, மறந்துவிட்டதா? இறுக்கிப் பிடிக்காவிட்டால் ஊரே ஊனம் என்று வந்து நிற்கும்.

நெய்தல்மகள்:
நொண்டி, ஊனம் என்றெல்லாம் எழுதாதீர்கள். மாற்றுத்திறனாளி என்று ஒரு சொல் வந்து எத்தனை வருடம் ஆகிறது?

வடக்குமேட்டான்:
அக்கா, என் தம்பியை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். அந்த மூன்று சதவீதத்தைக் கொடுத்துவிட்டுக் கூப்பிடட்டும்.

தெற்குவீதி:
ஒரு சந்தேகம். 40 இருந்தாலே வருவாய்த்துறை ஓய்வூதியம் 1500 உண்டே? 500 ரூபாய் வித்தியாசத்துக்கா இவ்வளவு சண்டை?

வடக்குமேட்டான்:
அந்த மனு தாலுகா ஆபீஸில் தூங்குகிறது. வந்தாலும் 500 ரூபாய் உங்களுக்கு ஒரு வேளை பிரியாணி, எங்களுக்கு மாதத்துக்கான மாத்திரை. உங்களுக்கு ஈஸியாகத்தான் இருக்கும்.

தெற்குவீதி:
கேட்டதுதான் குற்றமா? 2023 ஜனவரிக்கு முன் அந்த 1500, 1000-ஆக இருந்தது. இந்த 2000-ம் முன்பு 1500-ஆகத்தான் இருந்தது. ஏற்றியிருக்கிறார்களே என்று யாராவது ஒருவர் சொல்கிறீர்களா?

ஒற்றைக்கொம்பன்:
ஆந்திராவில் 2024 ஜூலையில் இருந்து 6000. இங்கே 2000-க்குச் சம்மணம் போடச் சொல்கிறான். ஏற்றினார்களாம்.

தெற்குவீதி:
அங்கே கொடுத்த கையோடு சான்றிதழை எல்லாம் மறுபடி சரிபார்க்கிறேன் என்று கிளம்பினார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியைச் சொல்லிவிட்டுப் போவது உங்களுக்குப் பழக்கம்தான். போன தேர்தல் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

ஒற்றைக்கொம்பன்:
தேர்தலை எதற்கு இழுக்கிறீர்கள்? அப்போது தோற்ற வலி இன்னும் போகவில்லையா?

மணி வாத்தியார்:
இரண்டு பேரும் வெளியே போய் அடித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு கொடுக்கும் 300 ரூபாய் ஊன ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும், 2012-இல் இருந்து அதே 300, அதைக் கேட்க ஆள் இல்லை. என் கேள்விக்கு வருகிறேன். தேனிக்காரர் 9 × 10 = 90 என்றார். நல்லது. அது ஒரு காலுக்கான கணக்கு. காலையும் கையையும் சேர்க்கும்போது அதே 90 எதற்கு? கைக்குச் சம்மணம் உண்டா?

பிசியோ தேனி:
கைக்கும் மொத்தம் 90-தான் சார். தோளில் இருந்து மணிக்கட்டு வரை ஒரு பகுதி, விரல்களின் பிடிமானம் ஒரு பகுதி. எழுதிப் பழகிய கை என்றால் தனிக் கூடுதலும் உண்டு. ஒரே உடம்பில் இரண்டு குறை இருந்தால் இரண்டாவதை மீதி இருக்கிற உடம்பில் இருந்துதான் கழிக்க வேண்டும், அதுதான் தர்க்கம். இல்லாவிட்டால் காலுக்கு 80, கைக்கு 70 போட்டு 150 சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுப்பீர்களா?

வடக்குமேட்டான்:
மீதி இருக்கிற உடம்பு என்றீர்களே, அதற்கே வருகிறேன். நீங்கள் பிசியோ. இடது கால் கெட்டவனுக்கு ஊன்றுகோலை எந்தக் கையில் கொடுப்பீர்கள்?

பிசியோ தேனி:
எதிர்க் கையில். வலது கையில்.

வடக்குமேட்டான்:
என் தம்பிக்கு வலது கையில் பிடி இல்லை. தண்ணீர் டம்ளரே நிற்காது. இடது கையில் பிடித்தால் கெட்ட கால் பக்கமே சாய்கிறான். போன மாதம் பாத்ரூம் வாசலில் அப்படித்தான் விழுந்தான். கால் மட்டும் போயிருந்தால் கோலைப் பிடித்து நடந்திருப்பான். கை மட்டும் போயிருந்தால் நடந்தாவது போயிருப்பான். இரண்டும் போனதால்தான் எழுந்து நிற்க ஆள் வேண்டியிருக்கிறது. அதாவது ஐம்பதும் ஐம்பதும் நூறுக்கு மேலே போகிறது. உங்கள் ஃபார்முலா அதை 72-க்கு இறக்குகிறது.

பிசியோ தேனி:
அவனுக்கு முழங்கையைத் தாங்குகிற மாதிரி மேடை வைத்த ஊன்றுகோல் கொடுக்கலாம். நேரில் பார்க்காமல் மேலே சொல்ல முடியாது.

மணி வாத்தியார்:
பார்த்தீர்களா, மழுப்பல். 90-க்கும் பதில் இல்லை, ஊன்றுகோலுக்கும் பதில் இல்லை.

பிசியோ தேனி:
மழுப்பலா? மூன்று தடவை விளக்கிவிட்டேன். நீங்கள் படிக்கவில்லை என்றால் அது என் குறையா? கணக்கு வாத்தியார் என்றால் கேள்வி மட்டும்தான் கேட்பீர்களோ?

நெய்தல்மகள்:
கால் கை மட்டும்தான் ஊனமா? என் அக்காவுக்கு மனச்சிதைவு. அவளுக்கு ஃபார்முலா கிடையாது. தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 (குறையே இல்லை) முதல் 4 (மிகக் கடுமை) வரை. நோய் எத்தனை காலமாக என்பதற்கும் புள்ளி உண்டு. போர்டுக்குப் போகிற அன்று நான்தான் குளிப்பாட்டி, தலை வாரி, பூ வைத்து அழைத்துப் போனேன். "நீட்டாகத்தானே இருக்கிறாள்" என்று முதல் கேள்விக்குச் சைபர் போட்டுவிட்டார்கள். அழுக்கோடு கூட்டிப் போயிருக்க வேண்டும் போலிருக்கிறது.

மணி வாத்தியார்:
அது வேறு கணக்கு அம்மா, அதில் 90 வராது. நாம் 90-ஐப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நெய்தல்மகள்:
நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வேறு யாரையும் பேச விடவில்லை.

சைபர்சாமி:
ஒரு அவுன்ஸ் அனுதாபம் காட்டினால் ஆளாளுக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. நான் சொன்னது ஒன்றே ஒன்று: ஃபார்முலா எல்லாருக்கும் ஒன்று. உன் தம்பிக்கு வளைத்தால் நாளைக்கு டீக்கடையில் நேராக நடந்தவனுக்கும் வளைக்க வேண்டும்.

வடக்குமேட்டான்:
அந்த டீக்கடையை விடமாட்டீர்களா? ஒரே ஒரு நாள் என் வீட்டுக்கு வாருங்கள். காலையில் தம்பிக்கு லுங்கி கட்டிவிடுகிற வேலையை உங்களிடம் தருகிறேன். அப்புறம் அறிவியல் பேசலாம்.

சைபர்சாமி:
லுங்கி கட்டுவதற்குக் கெஜட்டில் மார்க் இல்லை.

ஒற்றைக்கொம்பன்:
சாமி, இதற்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

வடக்குமேட்டான்:
தம்பியின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மஞ்சள். 40-க்கு மேல், 80-க்குக் கீழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு என்றார்கள். யாராவது போட்டிருக்கிறீர்களா? எந்த ஆபீஸில் கொடுக்க வேண்டும், பழைய எக்ஸ்ரே போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணி வாத்தியார்:
முறையீடு இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு உறுப்புக்கு ஏன் 90 என்று இதுவரை ஒருத்தர் சொல்லவில்லை.

பிசியோ தேனி:
சொல்லியாச்சு. மேலே போய்ப் படியுங்கள்.

மணி வாத்தியார்:
படித்தேன். 9 × 10. அது ஒரு காலுக்கு.