மறுமொழி: ஊரில் தீப்பெட்டி மிஷின் போடுவது பற்றி

அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

சங்கப் பணத்தில் ஆட்டோமேட்டிக் தீப்பெட்டி மிஷின் வாங்கிப் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சம்மதம் இல்லை. கோபப்படாமல் படியுங்கள்.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் படித்து வந்தார்கள். முதலில் அவர்கள் இறக்கியதும் ஜெர்மனி மிஷின்தான். அதை விட்டுக் கைவேலைக்கு மாறிய பிறகுதான் தொழில் ஊர் ஊராகப் பரவியது. மழை இல்லாத கரிசக்காட்டில் சும்மா இருந்த கைகள்தானே அன்றைக்கு நம்மிடம் இருந்த மூலதனம்? பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. அச்சகம் இருந்ததால் காலண்டர் வந்தது. அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியதை, அதாவது மருந்தில் முக்கக் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கியதை, பார்த்திருக்கிறேன், ஒரே வீச்சில் குச்சியெல்லாம் வரிசையாக உட்காரும். அக்கா பள்ளிக்கூடம் போகாமல் பெட்டி ஒட்டியதும் அதே கணக்கில்தான் வரும், அதையும் மறக்கவில்லை.

இப்போது கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் மிஷின் வைத்திருப்பவர்களே பெட்டியை விற்கத் திணறுகிறார்கள். ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயாக 14 வருஷம் ஆனது. தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்ற, 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதியை 2023இல் அரசே தடுக்க வேண்டி வந்தது. அந்த வரிசையில் கடைசி ஆளாக நாம் ஏன் போய் நிற்க வேண்டும்?

அந்தப் பணத்தைக் கடலைமிட்டாய்க்குப் போடலாம் என்பது என் யோசனை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு (இந்தப் பகுதியின் பொருள் என்ற சட்டப்படியான அடையாளம்) கிடைத்தது. போன லீவில் நம்ம ஊர் மிட்டாய் 20 பாக்கெட் மஸ்கட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் வாரமே வெல்லம் கசிந்து கவரோடு ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். கீழ்க்கடை மலையாளிச் சேட்டன் ஒரு துண்டைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். பிறகு பாக்கெட்டைத் திருப்பினார். தேதி அழிந்திருந்தது, அரபியில் ஓர் எழுத்து இல்லை. "ருசி சரி, அலமாரியில் எப்படி வைக்க?" என்றார்.

ஈரம் புகாத கவர், நல்ல சீலிங் மிஷின், ஆய்வகச் சோதனைக் கட்டணம், லேபிள் அச்சு. மிட்டாய் போடும் நாலு வீட்டுக்கும் பொதுவாக இதைச் செய்து கொடுக்கலாம். குறியீட்டைப் போட்டு விற்க ஒவ்வொருவரும் பதிந்துகொள்ள வேண்டும். நம்ம ஊர் அந்தக் குறியீட்டுக்கு உரிய பகுதியின் எல்லைக்குள் வருகிறதா என்று ஊரில் இருக்கும் யாராவது முதலில் விசாரியுங்கள்.

அதுவரை மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், அண்ணாச்சி.