விதை வாங்க முதல் என்ன புல்லெண்டு பாருங்கோ (கனடாவின்ர மார்க்கம் நகர், எங்கட தெருக் குழு)

ஆகஸ்ட் 24

மாலினி: முன்வளவுப் புல்லு ஐதாப் போச்சு, மேல விதை தூவப் போறன். 800 சதுர அடி வரும். ஆனா ஒரே புல்லா இல்லை. பெரும்பகுதி கடும்பச்சை, மேப்பிள் மரத்துக்குக் கீழ மிகவும் மெல்லிய இலை, நடைபாதைப் பக்கம் இளம்பச்சைத் திட்டு ரெண்டு மூண்டு. "வெயில், நிழல் ரெண்டுக்கும்" எண்டு போட்ட கலவைப் பை காணுமோ?

சிவா அண்ணை: பையை இப்ப வாங்காதேங்கோ பிள்ளை. மூண்டு இடத்திலயும் ஒவ்வொரு செடியை வேரோட கிண்டி, மண்ணைக் கழுவிப்போட்டுப் பாருங்கோ. வெட்டுப்படாத இலையாப் பாத்து எடுங்கோ, நுனி தெரியவேணும்.

சிவா அண்ணை: முதல் சோதனை குருத்து. நடுத்தண்டை ரெண்டு விரலுக்கிடையில உருட்டுங்கோ. இலை உள்ளுக்குச் சுருண்டிருந்தா வழுக்கி உருளும். மடிஞ்சிருந்தா தட்டையாத் தடக்கும். சந்தேகமெண்டா பிளேட்டால குறுக்க வெட்டினா வடிவாத் தெரியும். புல்லு வகையளில புளூகிராஸ், பெரேனியல் றைகிராஸ் ரெண்டும் மடியும். டோல் ஃபெஸ்க்யூ, பென்ட்கிராஸ், குவாக்கிராஸ் சுருளும்.

மாலினி: கடும்பச்சை மடிஞ்சிருக்கு அண்ணை. நுனி வள்ளத்தின்ர அணியம் மாதிரி மேல வளைஞ்சிருக்கு. வெளிச்சத்துக்குப் பிடிச்சா நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு. மண்ணுக்குள்ள வெள்ளைத் தண்டு ஓடுது.

றஜனி அக்கா: கென்டக்கி புளூகிராஸ், சந்தேகமே வேண்டாம். றைகிராஸ் எண்டா இலையின்ர பின்பக்கம் மினுங்கும், மேல்பக்கம் நரம்பு வரிவரியா எழும்பி நிக்கும், அடித்தண்டு செம்மையா இருக்கும். அது குத்தாத்தான் நிக்கும், மண்ணுக்குள்ள தண்டு ஓடாது.

சிவா அண்ணை: மரத்துக்குக் கீழ இருக்கிறது ஃபைன் ஃபெஸ்க்யூ. ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் அகலம்தான் வரும். நிழலுக்கு அதுதான் பொருத்தம். அங்க புளூகிராஸ் விதை போட்டா முளைக்கும், ஆனா வெளிச்சம் காணாமல் மெலிஞ்சு போகும்.

மாலினி: இளம்பச்சைத் திட்டிலயும் நுனி வளைஞ்சுதான் இருக்கு. ஆனா தண்டு மண்ணுக்கு மேலால படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கு. இலையும் தண்டும் சேருற இடத்தில உள்பக்கமா நீளமான மெல்லிய தோல். ஜூலையில இது மண்ணிறமாப் போய், இப்பதான் திரும்பப் பச்சைக்குது.

றஜனி அக்கா: அதுதான் பிரச்சினை. ரஃப் புளூகிராஸ், போவா ட்ரிவியாலிஸ் எண்டு சொல்லுறது. வெக்கையில படுத்திடும், குளிர்ந்தவுடன எழும்பும். ஆக்கள் காய்ஞ்ச திட்டைக் கண்டு செத்துப்போச்செண்டு நினைச்சு மேல விதை போடுவினம். புது நாத்து வாற நேரம் பாத்து இதுவும் எழும்பி அதை அமத்திப் போடும்.

குகன்: பாக்கத் தேவையில்லை, எல்லாத்தையும் களைகொல்லி அடிச்சு விடலாம்தானே?

றஜனி அக்கா: ஒன்ராறியோவில 2009 ஏப்ரலில இருந்து அழகுக்காகப் புல்தரைக்குக் களைகொல்லி அடிக்கிறது தடை. கிளைஃபோசேற்றும் அதுக்குள்ளதான். சவளால கிண்டுறதுதான் வழி. திட்டின்ர விளிம்புக்கு வெளியால அரை அடி சேர்த்து, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் படையா வெட்டித் தூக்குங்கோ. ஒரு கணு மிஞ்சினாலும் திரும்ப வரும். குழியைப் புது மண்ணால நிரப்பி மிதிச்சு விடுங்கோ.

குகன்: டோல் ஃபெஸ்க்யூ வறட்சியைத் தாங்குமாம். மாலினி அதையும் கொஞ்சம் கலந்து போடலாமோ?

சிவா அண்ணை: வேண்டாம். முழுத்தரையும் டோல் ஃபெஸ்க்யூ எண்டா அருமையான புல்லு. புளூகிராஸுக்குள்ள அங்கொண்டு இங்கொண்டா முளைச்சா அகல இலைக் குத்துகளா நிக்கும், பிறகு ஒவ்வொண்டாக் கிண்டவேணும்.

மாலினி: அப்ப எவ்வளவு வாங்க? நிழல் பக்கம் 200 சதுர அடி வரும்.

சிவா அண்ணை: வெயில் 600 சதுர அடிக்கு, எடைக்கு 80 வீதம் கென்டக்கி புளூகிராஸ், 20 வீதம் பெரேனியல் றைகிராஸ். மொத்தம் 550 கிராம். நிழலுக்கு ஃபைன் ஃபெஸ்க்யூ மட்டும் 250 கிராம். பையில "ஆனுவல் றைகிராஸ்" எண்டு கண்டா வச்சிட்டு வாங்கோ, அது எங்கட பனிக்குத் தப்பாது.

றஜனி அக்கா: றைகிராஸை 20க்கு மேல கூட்டாதேங்கோ. அது 5 தொடக்கம் 10 நாளில முளைச்சிடும், புளூகிராஸுக்கு ரெண்டு தொடக்கம் நாலு கிழமை வேணும். கூடிப்போனா றைகிராஸ் இடத்தைப் பிடிச்சிடும். இன்னொண்டு, பத்தாம் நாள் பச்சையைக் கண்டவுடன கனபேர் தண்ணியைக் குறைச்சுப் போடுவினம். அப்பதான் புளூகிராஸ் விதை வெடிச்சு முளை விடுற நேரம், காய்ஞ்சா அதோட சரி. மேல்மண் முழு நாலு கிழமையும் ஈரமா இருக்கவேணும். நாளுக்கு ரெண்டு மூண்டு தரம், ஓடவிடாமல் மெல்லமா.

மாலினி: செப்டெம்பர் முதல் கிழமை போடட்டோ?

சிவா அண்ணை: நல்ல நேரம். செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிந்தினா புளூகிராஸ் பனிக்கு முன் வேர் பிடிக்காது. முதல் நாள் 4 சென்ரிமீற்றருக்கு வெட்டி, றேக்கால வறண்டி, ஏரேற்றரை (மண்ணில துளை போடுற மெஷின்) வாடகைக்கு எடுத்து ரெண்டு பக்கமும் ஓட்டுங்கோ, எங்கட களிமண்ணுக்கு அது கட்டாயம். மரத்தடியில வேர் மேல கிடக்கும், அங்க றேக் மட்டும். விதையில பாதியை நெடுக்க, பாதியைக் குறுக்கத் தூவி, மேல அரைச் சென்ரிமீற்றர் கொம்போஸ்ற். அதுக்கு மேல புதைச்சா புளூகிராஸ் வராது.

றஜனி அக்கா: கோர்ன் குளூட்டன் (களை முளைக்காமல் போடுற சோளத்தூள்) இந்த முறை போடாதேங்கோ. களைவிதையை மறிக்கிற மாதிரி உங்கட விதையையும் மறிக்கும்.

மாலினி: முதல் வெட்டு எப்ப?

சிவா அண்ணை: 8 சென்ரிமீற்றர் வந்தவுடன, மண் காய்ஞ்ச நாளில, தகடு தீட்டிப்போட்டு. மழுங்கின தகடு நாத்தை வேரோட இழுக்கும்.

றஜனி அக்கா: ஒக்ரோபரில மேப்பிள் இலை கொட்டும், நாத்துக்கு மேல கிடக்க விடாதேங்கோ. றேக் போட்டா பிடுங்குப்படும், புளோவரால ஊதித் தள்ளுங்கோ. எங்கட கராஜில நிக்குது, வந்து எடுங்கோ.

மாலினி: ஓம் அக்கா. நாளைக்கு முதல் வேலை அந்தத் திட்டு கிண்டுறது.