பயன்பாட்டுக் கணிதம் படித்தவருக்குப் பொறியியலில் சம்பளம் எப்படி?

கேள்வி
பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலை. எண்சார் பகுப்பாய்வும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் சிறப்புப் பாடங்கள். பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்தால் பொறியாளருக்கு நிகரான சம்பளம் வருமா? முனைவர் பட்டம் கட்டாயமா?

பதில் 1
"கணிதவியலாளர்" என்று தேடாதீர்கள், அந்தப் பெயரில் வேலை அபூர்வம். சிமுலேஷன், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், சிக்னல் பிராசஸிங் என்று தேடுங்கள். சம்பளத்தைத் தீர்மானிப்பது பதவியின் கிரேடு. தொகை பேசுமுன் கிரேடு எது என்று கேளுங்கள். பொறியாளர் வேலையையே "அனலிஸ்ட்" என்ற பெயரில் கீழ் கிரேடில் ஏற்றால், ஆண்டு உயர்வு சதவீதத்தில் வருவதால் இடைவெளி வளர்ந்துகொண்டே போகும்.

பதில் 2
மென்பொருளை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய. வந்த விடையை நம்பலாமா என்று சொல்பவர்தான் குறைவு, அவருக்குத்தான் பேரம் பேசும் பலம். 1991 ஆகஸ்ட் 23இல் நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியது. ஃபைனைட் எலிமென்ட் கணக்கு (அமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிப்பது) வெட்டுத் தகைவை, அதாவது கான்கிரீட்டை வெட்டப் பார்க்கும் உள்விசையின் செறிவை, 47% குறைத்துக் காட்டியிருந்தது. இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

நேர்முகத்துக்கு ஒரு மெஷ் சோதனை கொண்டுபோங்கள். மெஷ் என்பது கணக்கிடும் பகுதியைப் பிரிக்கும் கட்ட வலை. கட்ட அளவு h, h/2, h/4 என மூன்று மெஷ். அடுத்தடுத்த விடைகளின் வித்தியாசங்களில் முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், இரண்டாம் வரிசை முறைக்கு (பிழை h-இன் வர்க்கத்தோடு குறையும் முறை) 4க்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் ஏன் என்று விளக்குங்கள், அதுவே உங்கள் தகுதிச் சான்று.

பதில் 3
ஒன்றைச் சேர்க்க வேண்டும். பல நாடுகளில் கட்டுமான வடிவமைப்பில் கையொப்பமிட உரிமம் பெற்ற பொறியாளர் வேண்டும். கணிதப் பட்டத்தை வைத்து அந்த உரிமம் வாங்குவது கடினம், ஆகவே அங்கே உயர்வு ஓரிடத்தில் நின்றுவிடும். கன்ட்ரோல், ஆப்டிமைசேஷன், சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள்) நிரலாக்கத்தில் பொதுவாக அந்தத் தடை இல்லை. முனைவர் பட்டம் பெரும்பாலும் ஆராய்ச்சிக் குழுக்களுக்குத்தான். மற்றவற்றுக்கு சி++, கூடவே ஒரு துறையின் இயற்பியல்.

கேட்டவர்
வெப்பச் சமன்பாட்டுக்கு எழுதிய நிரலில் விகிதம் 2தான் வருகிறது. எல்லைக்கு உள்ளே மைய வித்தியாசம் (இருபக்கப் புள்ளிகளையும் வைத்து வகைக்கெழுவைக் கணிப்பது), நேரத்துக்குப் பின்னோக்கு ஆய்லர் (நேரத்தில் படிப்படியாக முன்னேறும் ஒரு முறை).

பதில் 2
இரண்டு இடம் பாருங்கள். h பாதியானபோது நேரப் படியையும் பாதிதான் ஆக்கினீர்களா? பின்னோக்கு ஆய்லர் முதல் வரிசை, படியைக் கால் பங்காக்க வேண்டும். அது சரியென்றால் வெப்பப் பாய்வு தரப்பட்ட எல்லையை ஒருபக்க வித்தியாசத்தில் எழுதியிருப்பீர்கள். எல்லைக்கு வெளியே ஒரு போலிப் புள்ளி வைத்து மைய வித்தியாசமாக்குங்கள். இரண்டையும் திருத்தி, முன்னும் பின்னுமான அட்டவணையை நேர்முகத்தில் காட்டுங்கள்.