வெளிநாட்டாருக்கு முன் நம்ம கலை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வந்தாறுமூலையான்:
மட்டக்களப்புப் பாசிக்குடா ஹோட்டலில் தூதரக ஆட்களுக்கு இராச்சாப்பாடு. இடையில் பத்து நிமிடம் வடமோடிக் கூத்து. மத்தளக்காரரோடு நானும் போனேன். அருச்சுனன் வரவு முடிந்ததும் ஒரு வெள்ளைக்கார அம்மா கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரிடம் வந்து, முழுக் கூத்து எவ்வளவு நேரம் என்று கேட்டா. “விடியும்வரைக்கும்” என்றார். “அடுத்தது எங்கே? நான் வந்து இருந்து பார்க்கிறேன்” என்றா. அவர் வாய் திறக்குமுன் ஏற்பாட்டாளர் குறுக்கே வந்து, கேக் வெட்டப் போகிறோம் என்று அவவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கரப்புடுப்பு என்ற கூத்து உடையோடு நின்ற பொடியன் என் முகத்தைப் பார்த்தான். வைகாசியில் எங்கள் கோயிலடியில் அரங்கேற்றம் இருந்தது. அதைச் சொல்லவாவது விட்டிருக்கலாம். நாட்டின் பண்பாட்டைக் காட்டத்தானே கூப்பிட்டார்கள்? மனம் இன்னும் ஆறவில்லை.

அக்கரைப்பற்று டீச்சர்:
எங்கள் பக்கம் கொரியன் வகுப்புக்குப் போகும் பொடியன்கள் முக்கால்வாசிப் பேர் வேலைக்காகத்தான். தங்கச்சியின் மகளும் போனாள். சேர் எழுத்துச் சொல்லித்தர முன்னமே நன்றி, பசிக்குது, போயிட்டு வாறன் எல்லாம் அந்த இழுவையோடு சொன்னாளாம். எல்லாம் நாடகம் பார்த்து வந்தது. 1990களின் கடைசியிலிருந்து தென்கொரிய அரசு நாடகத்துக்கும் பாட்டுக்கும் காசு போட்டு வளர்த்தது. விருந்து வைத்து யாரையும் கூப்பிடவில்லை, நேரே நம்ம வீட்டு ஹோலுக்குள் வந்து இருந்துவிட்டார்கள்.

காரைதீவுப் பிள்ளை:
அண்ணே, நடந்தது பிழைதான், ஆனால் பத்து நிமிடமாகச் சுருக்கியதைக் குறை சொல்லக்கூடாது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றியதால்தான் படித்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாடகப் பேராசிரியர் மௌனகுரு சேர் அந்த வழியில் வந்தவர்தான்.

என் கதை சின்னது. ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசிலில் சென்னையில் பரதம் படித்தேன். வெளிநாடுகளோடு பண்பாட்டு உறவுக்காக இந்தியா 1950இலேயே தொடங்கிய அமைப்பு அது, எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறது. விடுதியில் மொரிசியஸ் பிள்ளை ஒருத்தி, “உன் ஊர் ஆட்டம் ஒன்று ஆடு” என்றாள். எழுந்து நின்றேன், கால் பரதத்துக்குத்தான் போனது. கூத்தின் ஒரு தாளக்கட்டுக்கூட எனக்கு யாரும் பழக்கியதில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இலங்கையின் ருக்கட என்ற நூல் பொம்மலாட்டம் 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. கூத்துக்கும் அப்படி முயற்சிக்கலாம். விண்ணப்பத்தை அரசுதான் அனுப்ப வேணும், ஆனால் ஆடுகிற சமூகத்தின் சம்மதம் இல்லாமல் அனுப்ப ஏலாது. ஆகவே கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஊரில் தொடங்குங்கள். கூத்துப் பாட்டு எழுதிய ஏடுகளை ஸ்கேன் பண்ணுங்கள். சட்டம் கொடுப்பதிலிருந்து (ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டைக் கொடுப்பது) சதங்கை அணி, அரங்கேற்றம் வரை முழுதாக வீடியோ எடுங்கள், அண்ணாவியார்மாரின் குரலில் விளக்கத்தோடு. பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அரங்கேற்றத் திகதிகளை இங்கிலீசில் அடித்து பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்களில் ஒட்டுங்கள். அந்த அம்மா மாதிரி ஆட்கள் யாரையும் கேட்காமலே வருவார்கள்.

வெல்லாவெளி மருமகன்:
தங்கச்சி, ஏடு ஸ்கேன் பண்ணுவது லேசில்லை. எங்கள் மாமா அண்ணாவியார், ஏட்டை வீட்டு வாசல் தாண்ட விடமாட்டார். வீட்டுக்கே வந்து, அவர் பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு ஒற்றையாகப் படம் எடுத்துத் தர ஆள் இருந்தால் சொல்லுங்கள். மாமாவை நான் சம்மதிக்க வைக்கிறேன்.